விசிலக்காவின் செக்கர்கள்

கோபம் வந்தால் கண்டக்டர் விசிலக்கா பஸ்ஸையே நிறுத்திவிடுவாள். படியில் தொங்குகிறவன் உள்ளே ஏறும்வரை விசில் கொடுக்கமாட்டாள். ரத்தப் புற்றுநோய் வந்து உடம்பு பாதியான பிறகும் குரல் மட்டும் இளைக்கவில்லை.

அவள் ரத்தத்திலிருந்தே டி செல் என்னும் எதிர்ப்பு அணுக்களைப் பிரித்தெடுத்து, நோயை அடையாளம் காணும்படி மாற்றி, திரும்ப ஏற்றப்போவதாக டாக்டர் சொன்னார்.

“டிக்கெட் எடுக்காதவன் ஜம்முனு உக்காந்திருக்கான். செக்கருக்கு ஆளத் தெரியல. அதானே?”

“அதேதாம்மா. செக்கர் முழிச்சிருக்கணும். எங்களக் கேக்காம ஒரு மாத்திரைகூடப் போடாதீங்க.”

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் தம்பிக்கு, அக்காவுக்குச் சோறு இறங்காததைப் பார்க்கப் பொறுக்கவில்லை. வெறும் சத்து மாத்திரைதான் என்று கொண்டுவந்து கொடுத்தான். அப்படியொரு பசி வந்தது அவளுக்கு. மூட்டுவலி போன இடம் தெரியவில்லை. ஜென்மப் பகையான மாடிவீட்டுக்காரியிடம்கூடச் சிரித்துப் பேசினாள். தம்பி காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

செல் எடுக்கப் போன அன்று, புதிதாக ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று நர்ஸ் கேட்டாள். விசிலக்கா மாத்திரை அட்டையை நீட்டினாள்.

நர்ஸின் முகம் மாறியது. “இது ஸ்டீராய்டும்மா. பசிக்கும், வலி தெரியாது. ஆனா நமக்கு வேண்டிய செல்லையே அடக்கிப்போட்டுடும். இது உடம்ப விட்டுப் போகட்டும். இன்னிக்கு எடுக்க முடியாது.”

“அதுவரைக்கும் நோய் சும்மா இருக்குமா?”

நர்ஸ் மாத்திரை அட்டையை வாங்கி வைத்துக்கொண்டாள்.

“நீ நாலு வாய் சாப்பிடணும்னுதான்க்கா…” என்றான் கூட வந்திருந்த தம்பி.

“உங்கிட்ட சோறா கேட்டேன்? நான் உசிருக்கு அல்லாடிட்டிருக்கேன். நீ செக்கருக்குத் தாலாட்டுப் பாடிட்டு வந்து நிக்கிற!”

அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். வலி திரும்பியது. பசி போனது. நோயால் கழுத்தில் வந்திருந்த கட்டி பெரிதாகிறதா என்று காலையில் எழுந்ததும் தடவிப் பார்ப்பாள். மாடிவீட்டுக்காரியிடம் சிரித்ததை நினைத்தால்தான் வயிறு இன்னும் எரிந்தது.

மறுபடி கூப்பிட்டபோது மெஷின் பக்கத்தில் படுக்கவைத்தார்கள். இரு கைகளிலும் ஊசி. ஒன்றில் ரத்தம் போய் மற்றதில் திரும்பியது. அசையக்கூடாது என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போனாள். அந்த நேரம் பார்த்தா மூக்கு அரிக்க வேண்டும்! உதட்டைச் சுழித்தாள், ஊதினாள். ஒன்றும் பலிக்கவில்லை.

வாசலில் தம்பி நின்றான்.

“டேய். மூக்கு.”

ஓடிவந்தான்.

“மேல… அது கண்ணுடா, குருடா!”

“கோவம் போயிடுச்சாக்கா?”

“சொறியற வேலையப் பாரு.”

நர்ஸ் வந்து, பிரித்த செல் சேர மேலே தொங்கிய பையைப் பார்த்தாள். “காலைல எடுத்த டெஸ்ட்ல செல் போதுமான அளவு இருந்துதும்மா. நல்லாச் சேருது.”

“முழிச்சிருக்காங்களா?”

“முழிச்சிருக்காங்க.”

விசிலக்காவின் கண் கலங்கியது. அதைத் துடைக்கவும் கை இல்லை. தம்பி அவள் மூக்கிலிருந்து கையை எடுக்கப்போனான்.

“எடுத்தே, கொன்னுடுவேன். இன்னும் அரிக்குது.”