கல்யாணச் சாவின் அடி

எட்டாம் வகுப்புக் குடிமையியலில் 'உரிமைகளும் கடமைகளும்' என்று ஒரு பாடம் உண்டு. ஓய்வு பெறும் வரை வருஷா வருஷம் அதை நடத்தினேன். கரும்பலகையின் நடுவில் ஒரு கோடு போட்டு, ஒரு பக்கம் உரிமை, ஒரு பக்கம் கடமை என்று எழுதிப் போடுவேன். பிள்ளைகள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அழகாக எழுதிக்கொள்வார்கள். இரண்டும் வண்டியின் இரண்டு சக்கரங்கள் போல என்று புத்தகத்தில் ஒரு வரி வரும். அந்த வரியை மட்டும் நான் வாய்விட்டுப் படித்ததில்லை, யாராவது ஒரு பெண்ணை எழுப்பிப் படிக்கச் சொல்லிவிடுவேன். என் அக்காவுக்குக் கிடைக்காமல் போனது ஒரு வண்டிதான்.

திருவண்ணாமலையில், மலைக்குப் பின்புறம், மலை சுற்றும் பாதையை ஒட்டிய ஒரு ஊரின் சேரியில் நாங்கள் இருந்தோம். நைனாவுக்குப் பெரிய வீட்டில் பண்ணை வேலை. அதோடு ஊரில் யார் செத்தாலும் போய்ப் பறையடிக்க வேண்டும். அது அவருடைய கடமை, அவருடைய அப்பனுக்கும் அதுதான் கடமை. அறுவடை முடிந்ததும் களத்தைக் கூட்டி அள்ளும் நெல்லில் கொஞ்சம் எங்கள் உரிமை. மண்ணும் கல்லும் கலந்த உரிமை. அம்மா அதைப் புடைத்துப் புடைத்தே முறம் தேய்ந்துவிட்டது.

சாவுக்கு அடிப்பதில் இரண்டு விதம் உண்டு. வயதாகி, பேரன் பேத்தி எடுத்துச் செத்தவர்களுக்குக் கல்யாணச் சாவு அடி. அது துள்ளலானது, பாடைக்கு முன்னால் துண்டை வீசி ஆடிக்கொண்டே போவார்கள். வாழ வேண்டிய வயதில் செத்தவர்களுக்கு வேறு அடி. அது நிறுத்தி நிறுத்தி விழும், நடுநடுவே சத்தமே இருக்காது. அந்த அடி காதில் விழுந்தால் மாவு அரைக்கிற பெண்கள்கூடக் கையை நிறுத்திவிடுவார்கள். கல்யாணச் சாவில் மறந்தும் அந்த அடி விழக் கூடாது. விழுந்தால் செத்தவர் வீட்டில் அடுத்து ஓர் இளசின் உயிர் போகும் என்று ஊரே நம்பியது. நாங்களும்தான் நம்பினோம்.

அது ஒரு சித்திரை மாதம். நான் வேலூரில் ஆசிரியப் பயிற்சி முடித்துவிட்டு, வேலைக்கு உத்தரவு வரும் என்று வீட்டில் காத்திருந்தேன். அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். மாமாவுக்குக் கோலார் தங்கவயலில் வேலை. பெரிய வீட்டு ஆண்டையின் அம்மா ஒருநாள் சாயங்காலம் செத்துப்போனார். நிறைந்த வயது. கல்யாணச் சாவு என்று ஊரே சொன்னது. ஆண்டையின் முகத்திலும் துக்கத்தைவிடப் பெருமைதான் ஜாஸ்தியாக இருந்தது. மறுநாள் விடிவதற்குள் நைனா பறையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் அக்காவுக்கு வலி எடுத்தது. வெயில் ஏறுகிற நேரத்தில், பேறு பார்க்க வந்தவள் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"எங்கையில இல்லம்மா. கொயந்த குறுக்கால நிக்குது. டவுனு ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போயிடுங்க."

நான் பெரிய வீட்டுக்கு ஓடினேன். சொந்தக்காரர்களை அழைத்து வர இரண்டு வண்டி ஸ்டேஷனுக்குப் போயிருந்தது. இன்னொரு வண்டி வாசலிலேயே நின்றது. அதிலிருந்து வாழைமரம் இறக்கிக்கொண்டிருந்தார்கள். பந்தலுக்கு வெளியே நைனா வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். நான் ஆண்டையிடம் கேட்டதை அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

ஆண்டை கத்தவில்லை. அந்த மனிதர் கத்தி நான் பார்த்ததே இல்லை.

"எங்கம்மா வாசல்ல கெடக்கிறாங்க. இந்த வண்டிலதான் பூ வரணும். இதுல போயி பிரசவத்துக்கு ஏத்தறதா? படிச்ச பொண்ணு நீ, நேரங்காலம் தெரியாம வந்து நிக்கறியே."

எங்கள் தெரு ஆட்கள் நாலு பேர் அக்காவைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு டவுன் பக்கம் நடந்தார்கள். நான் பக்கத்தில் ஓடினேன். பாதிதூரம்கூடப் போகவில்லை. ஒரு புளியமரத்தடியில் கட்டிலை இறக்கச் சொன்னாள். தண்ணீர் கேட்டாள். நான் எங்கிருந்தோ வாங்கிக்கொண்டு வந்தபோது குடிக்க ஆள் இல்லை. பிள்ளையும் வயிற்றுக்குள்ளேயே நின்றுபோயிற்று. மலை சுற்ற வந்த ஒரு குடும்பம், பிணம் என்று தெரிந்ததும், எதிர்ப்பக்கமாக ஒதுங்கிப் போனது. அவர்கள் கையில் இருந்த குழந்தை எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. கட்டிலோடு அவளை வீட்டுக்குத் திருப்பிக்கொண்டு வந்தோம்.

வயிற்றில் பிள்ளையோடு செத்தவளை அன்றைக்கே, வெளிச்சம் இருக்கும்போதே, மண்ணில் சேர்த்துவிட வேண்டும். எங்களில் அது கட்டாயம். சித்திரை வெயிலும் அதையேதான் சொன்னது. நான் மறுபடியும் பெரிய வீட்டுக்குப் போனேன். நைனா அடித்துக்கொண்டிருந்தார், முன்னால் நாலைந்து பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர் காதில் வாயை வைத்துச் சொன்னேன். கை நிற்கவில்லை. கண் மட்டும் என்னைப் பார்த்தது.

"நீ போம்மா. இங்க எடுத்ததும் வந்துடறேன்" என்றார்.

பந்தலில் டவுனிலிருந்து வந்த ஒரு அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து கலர் சோடா குடித்துக்கொண்டிருந்தார். சட்டம் தெரிந்தவர் என்று அவரிடம் போனேன். எனக்கும் சட்டம் கொஞ்சம் தெரியும், அது புதிதாகப் படித்த திமிர். நைனாவை அனுப்பச் சொல்லுங்கள், இப்படி வேலை வாங்குவது குற்றம் என்று நல்ல தமிழில் சொன்னேன். அவர் என் தமிழை ரசித்தார். சத்தியமாக ரசித்தார்.

"நல்லா பேசறியே, டீச்சரா? சட்டம் இருக்குது, யாரு இல்லன்னது? ஆனா பாரு, எல்லாரும் ரைட்ஸு ரைட்ஸுங்கறீங்க. டியூட்டிய யாரு பாக்கறது? மொதல்ல கடமை. அப்புறம் உரிமை தானா வரும்."

பிறகு ஆண்டையைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்தும் செய்துவைத்தார்.

"எங்கம்மா முன்னாடி போவட்டும்" என்றார் ஆண்டை. "அப்புறம் அதே வழில தூக்கினு போங்க. நான் இன்னா வேணாம்னா சொல்றேன்?"

அந்த வழிதான் எங்களுக்கு ஒரே வழி. மலைமேல் பிணம் ஏற்றக் கூடாது. சுற்றுப் பாதையில் சேரிப் பாடையை விடமாட்டார்கள். மீதி இருந்தது ஆண்டையின் வயல் நடுவே சுடுகாட்டுக்குப் போகும் அகல வரப்புதான். அது புறம்போக்கு என்று எல்லோருக்கும் தெரியும், ஆண்டைக்கும் தெரியும். சரி, சாயங்காலத்துக்குள் அக்கா போய்விடுவாள் என்று நம்பிக்கொண்டு திரும்பினேன். அதிகாரிக்கு ஒரு கும்பிடும் போட்டேன்.

மத்தியானம் தாண்டி அவர்கள் பாடையை எடுத்தார்கள். பூப்பல்லக்கு மாதிரி ஜோடித்திருந்தார்கள். எங்கள் தெருமுனையிலிருந்து பார்த்தேன். நைனா முன்னால் நடந்து அடித்துக்கொண்டு வந்தார், மற்ற பறைக்காரர்கள் அவர் கையைப் பார்த்து அடித்தார்கள். அக்காவுக்கு நடக்கக் கற்றுக்கொடுத்த மனிதர் அன்றைக்கு ஊர் ஆடுவதற்கு அடித்தார், ஊரும் நன்றாகவே ஆடியது. வரப்பு பிரிகிற இடம் எங்கள் தெருவுக்கு வெகு பக்கம். அங்கே வந்தபோது உள்ளேயிருந்து அம்மாவின் ஒப்பாரி கேட்டது.

நைனாவின் கை மாறிவிட்டது.

அவர் மாற்றவில்லை. எனக்குத் தெரியும், நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை தானாகவே நின்று நின்று விழத் தொடங்கியது. அவர் கையைப் பார்த்தே பழகிய மற்றவர்களும் அதையே அடித்துவிட்டார்கள். ஆடியவர்கள் நின்றார்கள். பாடை நின்றது. பெரிய வீட்டுப் பெண்கள் தங்கள் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டு அலறினார்கள். ஆண்டையின் மச்சான் நைனாவை இடுப்பில் உதைத்தான். விழுந்தவர் எழுந்திருக்காமலே கையெடுத்துக் கும்பிட்டார்.

"கை போயிட்ச்சி ஆண்டே. தெரியாம கை போயிட்ச்சி."

ஆண்டை குனிந்து, தாழ்ந்த குரலில் கேட்டார். "உம்பொண்ணு போனா எம்புள்ளையும் போவணுமா?"

அவரை விட்டுவிட்டு, மற்ற பறைக்காரர்களை அடிக்கவைத்துக்கொண்டு போனார்கள். நாங்கள் அக்காவைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, பாடையில் வைத்துக்கொண்டு வரப்புக்கு வந்தபோது, வரப்பின் வாயில் கருவேல முள் வெட்டிப் போட்டிருந்தது. காவலுக்கு இரண்டு ஆள். அவங்கம்மா போன பூ வழியில் இன்றைக்கு வேறு பிணம் போகக் கூடாதாம். அதிகாரியின் ஜீப் கிளம்பிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் முன்னால் நின்றேன்.

"உங்கப்பனும் இப்டி பண்ணியிருக்கக் கூடாது இல்ல?" என்றார். "நாளைக்குப் பாத்துக்கலாம். ஒரு நாள்ல இன்னா ஆயிடப் போவுது?"

என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். அக்காவைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவந்தோம். வேப்பிலையைப் பரப்பினோம், உப்பைக் கொட்டினோம். விடிந்தபோது அவள் வயிறு முதல் நாளைவிடப் பெரிதாக இருந்தது. முகம் எங்கள் அக்கா முகமாக இல்லை. அம்மா ஈ ஓட்டிக்கொண்டே, "இன்னும் வளருதுடி, எம்பேரப்புள்ள இன்னும் வளருதுடி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருவராலும் அவள் வாயை அடைக்க முடியவில்லை.

டவுனுக்குப் போய்ப் போலீசில் சொல்கிறேன் என்று கிளம்பினேன். நைனா என் கையைப் பிடித்து அக்கா பக்கம் திருப்பினார்.

"அவங்க வர்றதுக்குள்ள இது இன்னா ஆவும்னு பாரு."

அவர் பெரிய வீட்டுக்குப் போனார். நான் கூடவே போனேன். ஆண்டை பல் விளக்கிக்கொண்டிருந்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு, நியாயம் பேசுகிறவர் மாதிரி நிதானமாகப் பேசினார்.

"எங்கம்மா சாவ நீ பாதில விட்டுட்ட. பாதில நின்ன சாவு ஊட்டுக்கு ஆவாது. முள்ளு போட்ட எடத்துலருந்து சுடுகாடு வரைக்கும் அடிச்சி முடிச்சிக் குடு. அது உங்கடமை. அப்புறம் வழி உன்னுது, தாராளமா தூக்கினு போ."

"போயிட்டு வந்து தூக்கறதுக்குத் தாங்காது ஆண்டே" என்றார் நைனா. "ஒடம்பு தாங்காது."

ஆண்டை கொஞ்சம் யோசித்தார். நிஜமாகவே எங்களுக்காக யோசித்தார். அந்த யோசனையைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

"சரி, பின்னாலயே தூக்கினு வரச் சொல்லு. எனக்கு ஒண்ணும் இல்ல. அடி மட்டும் மாறக் கூடாது."

முள்ளை விலக்கினார்கள். நைனா முன்னால், பின்னால் அக்காவின் பாடை, அதற்குப் பின்னால் நாங்கள். எங்கள் பெண்களும் சுடுகாட்டுக்குப் போவதில்லை என்ற வழக்கத்தை அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை. பெரிய வீட்டு ஆட்கள் அடுத்த வரப்பில் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு கூடவே நடந்தார்கள். அவர்கள் காது மட்டும் திறந்திருந்தது, அடி மாறுகிறதா என்று கேட்க.

மாறவில்லை. நைனா தன் மகள் பாடைக்கு முன்னால் கல்யாணச் சாவு அடி அடித்தார். அந்த அடிக்கு மெதுவாக நடக்க முடியாது. தூக்கியவர்களின் கால்கள் தாங்களாகவே அதற்குப் போயின. பாடை குதித்தது. அக்காவின் தலை இப்படியும் அப்படியும் ஆடியது. அம்மா ஒப்பாரி எடுத்துப் பார்த்தாள், அடிக்கு நடுவே நுழைய அவளுக்கு இடமே கிடைக்கவில்லை. நைனா ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எதிரே மலை எப்போதும்போல இருந்தது.

பெரிய வீட்டு அம்மாவை எரித்த இடத்தில் சாம்பல் இன்னும் சூடாக இருந்தது. அதற்கு முன்னால் நின்று, முடிக்க வேண்டிய முறையில் முடித்தார். ஆண்டை தலையசைத்தார்.

"ம்... இப்ப சரி" என்று சொல்லிவிட்டுத் தன் ஆட்களோடு திரும்பிப் போனார். சொன்ன சொல் தவறாதவர் என்று ஊரில் அவருக்குப் பெயர்.

சுடுகாட்டுக்கு அப்பால், எங்களுக்கென்று விட்ட மண்ணில் குழி தயாராக இருந்தது. அக்காவை இறக்கினோம். அம்மா நைனாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"போயிட்டானுங்க. இப்ப எம்பொண்ணுக்கு அடி. அவளுக்குண்டான அடிய அடி."

நைனா குச்சிகளைக் கையில் பிடித்தார். அடித்தார். கல்யாணச் சாவு அடிதான் வந்தது. நிறுத்தினார். உள்ளங்கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடி அடித்தார். மறுபடியும் அதேதான். முதல் நாள் கேட்காமலே வந்த அடி, இப்போது கேட்டு நின்றபோது வரவில்லை. மூன்றாம் தரம் அவர் குச்சியைத் தூக்கியபோது அம்மாவே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போதும், உட்டுடு" என்றாள்.

அக்காவை அடியில்லாமல் மூடினோம்.