கழுவிய எக்ஸ்ரே

லென்ஸ் இல்லாமலே ஒளியை ஒரு புள்ளியில் குவித்துக் காட்டுகிறேன் என்று பிளஸ் டூ பிள்ளைகளிடம் பெருமையடித்துவிட்டேன். அதற்குத் தேவை, ஒன்றுக்குள் ஒன்றாகக் கறுப்பு வளையங்கள். வெளியே போகப் போக நெருங்கும். இடையில் நுழையும் ஒளி விளிம்பில் வளைந்து நடுவில் வந்து சேரும். வளையங்களை அச்சடிக்கத் தெளிவான பிளாஸ்டிக் தாள் அரியலூர் கடைகளில் கிடைக்கவில்லை. எனக்குத்தான் எல்லாவற்றுக்கும் குறுக்குவழி தெரியுமே!

"வூட்ல பழைய எக்ஸ்ரே இருந்தா கொண்டாங்க. பிளீச்சிங் பவுடர்ல ஊறவெச்சா கண்ணாடி மாதிரி ஆயிரும்."

சுண்ணாம்புக்கல் குவாரித் தூசியில் இருமுகிற ஊரில் எக்ஸ்ரேக்கா பஞ்சம்? மறுநாளே ஒரு கட்டு சேர்ந்தது. முதல் பெஞ்சு மாணவி தன் அப்பாவின் நெஞ்சுப் படத்தைக் கொடுத்தாள். "புதுசு எடுத்தாச்சு மிஸ், இது பழசு." அதில்தான் கீறல் இல்லை. என் கையாலேயே தேய்த்தேன். கறுப்பெல்லாம் சேறாக வாளியில் இறங்கியது.

ஜெராக்ஸ் கடையில் வளையங்களை அச்சடித்தேன். ஜன்னல்களை மூடி, ஊசித்துளை வழியாக டார்ச் ஒளியை விட்டதும் சுவரில் ஒரு சின்னப் பொட்டு விழுந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வாரம் அந்த முதல் பெஞ்சு மாணவியின் அப்பா வந்தார். நாலு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. குவாரி வேலையில் இருந்தபோது எடுத்த படம் அது ஒன்றுதானாம். வேலையை விட்ட பிறகு வந்த நோய் என்று குவாரிக்காரர்கள் சாதிக்கிறார்கள். நஷ்டஈடு கேட்டு மருத்துவக் குழுவுக்கு மனு போட்டிருக்கிறார்; காட்ட வேறு அத்தாட்சி இல்லை.

"படம் போனா போவுது டீச்சர். மூலைல தேதி இருந்துச்சு, நீங்க பாத்தீங்கல்ல? பாத்தேன், கழுவிட்டேன்னு ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க, போதும்."

தேதியைப் பார்த்திருந்தேன். நுரையீரல் முழுக்கச் சிதறிக் கிடந்த வெள்ளைப் புள்ளிகளையும் பார்த்திருந்தேன்.

தலைமையாசிரியரிடம் கேட்டேன். "எழுத்துல குடுத்துராதீங்க மேடம். நாளைக்கு நம்ம மேலதான் திரும்பும்" என்றார். உள்ளுக்குள் எனக்கும் அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது. இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தேன். அவள் அப்பா மூன்று முறை வந்தார், பிறகு வரவில்லை. மனு தள்ளுபடியானது.

தை பிறப்பதற்குள் அவர் போய்விட்டார். மாலையோடு போனேன். வெட்கத்தில் வாசலிலேயே திரும்பிவிடலாமா என்று இருந்தது. அழுதுகொண்டிருந்த மகள் என்னைக் கண்டதும் எழுந்து வந்தாள்.

"எங்க பிசிக்ஸ் மிஸ்" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லி, எனக்கு ஒரு நாற்காலி போட்டாள்.