ரோஸ் மாத்திரை

எங்கள் பெரியம்மா சென்னியம்மாள் துடியலூர் வட்டாரத்தில் பேர்பெற்ற அருமைக்காரி. அருமைக்காரி முன்நின்று சீர் செய்யாமல் எங்கள் ஜனத்தில் கல்யாணம் நடக்காது. ஆனால் வீட்டுக்குத் தூரமான நாளில் அவள் பந்தலுக்குள் கால் வைக்கக் கூடாது. மாதாமாதம் மூன்று நாள் பின்கட்டு அறையில் தனிப் பாய், தனித் தட்டோடு கிடந்தவளுக்கு நாற்பத்தொன்பது வயதில் அது நின்றுபோனது. "கட்டு அவுந்துபோச்சு கண்ணு" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு ஆறு மாதம்கூட நிலைக்கவில்லை. திடீர் திடீரென்று உடம்பு திகுதிகுவென எரிந்தது. சீர்த் தட்டோடு நிற்கும்போதே ரவிக்கை தொப்பலாக நனையும். தூக்கம் அடியோடு போனது. "பேய் புடிச்சவளாட்டம் இருக்கறா" என்று பெரியப்பா பாலுசாமி கேலி செய்தார். அவருக்கென்ன, காலையில் மோட்டார் பட்டறைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். 1996 ஐப்பசியில் நான்தான் பெரியம்மாவை டாக்டர் ஜாஹிதாவிடம் கூட்டிப்போனேன்.

"உடம்புல குறைஞ்சுபோன ஹார்மோனை மாத்திரையாக் குடுக்கறேனுங்க" என்றார் டாக்டர். "எரிச்சல் அடங்கும், எலும்புக்கும் நல்லது. ஆனா மார்புல கட்டி வருதான்னு பாத்துக்கணும். காலு வீங்குனா உடனே வரணும். வெள்ளை மாத்திரை தினமும். ரோஸ் மாத்திரை மாசத்துல பன்னெண்டு நாள். வெள்ளையை மட்டும் சாப்பிட்டா கர்ப்பப்பை உள்ள தடிச்சுக்கும், புத்துநோய்ல கொண்டுபோய் உட்டுரும். ரோஸை நிறுத்தவே கூடாது. அது முடிஞ்சதும் மாசாமாசம் தீட்டாட்டம் போகும், பயப்படாதீங்க."

கடைசியில் சொன்னதைக் கேட்டதும் பெரியம்மாவின் முகம் சுண்டிப்போனது. பார்த்தும், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பத்தே நாளில் நன்றாகத் தூங்கினாள். மாதக் கடைசியில் டாக்டர் சொன்னபடியே வந்தது. இடுப்பு வலி என்று பொய் சொல்லி, ஒப்புக்கொண்ட கல்யாணத்துக்குப் போகாமல் படுத்துக்கொண்டாள். அடுத்த மாதத்திலிருந்து வெள்ளையை மட்டும் விழுங்கினாள். ரோஸை அரிசிப் பானைக்குள் புதைத்தாள். தேதி வரவில்லை, எரிச்சலும் இல்லை. தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டு ஒன்றரை வருஷம் பந்தல் பந்தலாகப் போய்வந்தாள்.

தொண்ணூற்றெட்டு வைகாசியில், மாப்பிள்ளைக்குச் சீர் செய்துகொண்டிருந்தபோது உதிரம் பட்டது. பாதியில் விலக முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிட்டு, நேராக என் வீட்டுக்கு வந்து அழுதாள். "பந்தலைத் தீட்டாக்கிப்போட்டேன் கண்ணு." அப்போதும் அவள் பயம் பந்தலைப் பற்றித்தான். ரோஸ் மாத்திரை விஷயம் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஸ்கேன் எடுத்து, கர்ப்பப்பைச் சதையைச் சுரண்டிப் பரிசோதித்தார்கள். "இன்னும் புத்தாகலீங்க. ஆனா அந்தப் பக்கம் திரும்பிப்போச்சு" என்றார் டாக்டர். "வெள்ளையை இன்னியோட நிறுத்துங்க. ரோஸை மட்டும் முன்னாட்டம் மாசம் பன்னெண்டு நாள், ஆறு மாசம் விடாமச் சாப்பிடணும்."

எரிச்சலும் திரும்பி வரும், தீட்டும் வரும். பஸ்ஸில் பெரியம்மா ரோஸ் மாத்திரை அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பெரியம்மா வீட்டில் பெரியப்பாவோடு அவர் பங்காளி லட்சுமணசாமி வெற்றிலைத் தட்டோடு உட்கார்ந்திருந்தார். "ஆடி கழிஞ்சு ஆவணி மொத வாரம் புள்ளைக்குக் கல்யாணமுங்க. அக்காளுக்கு இனி நாள்கணக்குப் பாக்க வேண்டியதில்லயே, அதான் கேக்காமயே குறிச்சுப்போட்டோம்."

"அதெல்லாம் வந்துருவா" என்றார் பெரியப்பா.

ரோஸ் மாத்திரைத் தேதியைப் பெரியம்மா விரல் விட்டு எண்ணினாள். "அன்னிக்கு நான் ஊட்டுக்குத் தூரமுங்க" என்றாள்.

"அம்பத்தொரு வயசுலயா? புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?" என்று பெரியப்பா கத்தினார்.

"மாத்திரைங்க. முழுங்காட்டி செத்துப்போவனாம்."

லட்சுமணசாமி தரையைப் பார்த்துக்கொண்டே தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். என்ன நோவு என்று பெரியப்பா கேட்கவில்லை; மானம் போச்சு என்றுதான் முணுமுணுத்தார்.

பெரியம்மா ஒரு ரோஸ் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். பின்கட்டு அறையைத் திறந்தாள். இரண்டு வருஷமாக அங்கே பருத்திக்கொட்டை மூட்டைகள் அடுக்கிக் கிடந்தன. பாய் விரிக்க இடம் வேண்டுமே.

"ஒரு பக்கம் புடி அம்மணி" என்றாள்.

நானும் பிடித்தேன்.