எல்லோருக்கும் முன்னால் உயர்ந்த என் கை

திருக்கழுக்குன்றத்தில் மலையடிவாரத்தில் ஆட்டோ ஓட்டுகிறேன். எங்கள் ஸ்டாண்டில் வரிசைப்படிதான் சவாரி ஏற்ற வேண்டும்.

சில மாதங்களுக்கு முன் ஸ்டாண்ட் தலைவர் கூட்டம் போட்டார். அவர் பேசினால் டீக்கடைக்காரர்கூட டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்பார். "செல்வம் வரிசை தாண்டி சவாரி ஏத்திகீறான். நம்ம வயித்துல அடிக்கிறவன் நமக்கு இன்னாத்துக்கு? நம்ம புள்ளைங்க பட்டினி கெடக்கணுமா?" என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. செல்வத்தை வெளியேற்றக் கை தூக்கச் சொன்னபோது, எல்லோருக்கும் முன்னால் என் கைதான் மேலே போனது.

கூட்டத்துக்கு அழைக்கப்படாத செல்வம், விஷயம் கேள்விப்பட்டு நேராக என்னிடம் வந்தான். "அண்ணாத்த, அது உன் சவாரிதானே? 'நாஸ்தா துன்னுகினுகீறேன், பிரசவ கேசு, நீ இட்டுகினு போ'ன்னு நீதானே சொன்ன?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பெண்ணைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னதே நான்தான். எந்தச் சவாரி என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நினைவு வந்திருக்கும். கேட்கத் தோன்றவே இல்லை.

தலைவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "நீயே கை தூக்கிட்டு இப்ப இன்னா பேசுற? முடிஞ்சது முடிஞ்சதுதான்" என்றார். செல்வம் இப்போது நாவலூர் பக்கம் யாருடைய வண்டியையோ ஓட்டுகிறானாம்.

போன வாரம் இன்னொருவர் மேல் புகார் என்று மறுபடியும் கூட்டம் போட்டார்கள். "மொதல்ல அந்தாள கூப்ட்டு கேளுங்க" என்றேன். தலைவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அடுத்த கூட்டம் யாருக்காக என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தும் அதையே இன்னொரு முறை சொன்னேன்.