ஒன்றரை அடி குறைத்த வேன்

வெல்டிங் பட்டறைக்காரனை எல்லோரும் ‘டேப்பு’ என்றுதான் கூப்பிடுவார்கள். அளக்காமல் ஒரு கம்பியைக்கூட வெட்டமாட்டான். அப்பேர்ப்பட்டவன் சொந்தத் தங்கையின் வண்டி விஷயத்தில் கோட்டை விட்டான்.

தங்கையும் அவள் புருஷனும் சலவைக்கடை வைத்திருந்தார்கள். துணி எடுக்கப் போகும் பழைய வேன், சந்துகளில் ஒரே ஒடிப்பில் திரும்பாது. “நீளத்தைக் குறைச்சுக் குடுங்க மச்சான்” என்று கேட்டான் மாப்பிள்ளை. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் ஒன்றரை அடியை வெட்டியெடுத்தான் டேப்பு. துணி வைக்க இடம் குறைந்ததால் பெட்டியை ஒரு முழம் உயர்த்தினான். நீளம் குறைந்தால் வண்டி வெடுக்கென்று திரும்பும். உயரமும் கூடினால், கவிழாமல் இருக்க இடது வலது சக்கரங்களைத் தள்ளிவைத்து அகலப்படுத்தியாக வேண்டும். அவனுக்குத் தெரியாததல்ல. ஆனால் அச்சை மாற்ற இன்னும் நான்கு நாளாகும். ‘ஓடுற வரைக்கும் ஓடட்டும்’ என்று விட்டுவிட்டான்.

மூன்றாம் வாரம், ஒரு வளைவில் குறுக்கே வந்த சைக்கிளுக்காக மாப்பிள்ளை ஸ்டியரிங்கைச் சற்றே ஒடித்தான். வேன் அப்படியே பக்கவாட்டில் கவிழ்ந்தது. கூட இருந்த தங்கைக்குக் கை முறிந்தது.

ஆஸ்பத்திரியில் ஆளாளுக்கு மாப்பிள்ளையைக் கரித்துக் கொட்டினார்கள். “நான் வேகமாவே போகல மச்சான். நீங்களாவது சொல்லுங்க” என்று கெஞ்சினான். டேப்பு சுவரைப் பார்த்தபடி, “கொஞ்சம் மெதுவா போயிருக்கலாம் மாப்ளே” என்றான். சொன்ன வாயே கசந்தது.

அதன்பின் மாப்பிள்ளை சாவியைத் தொடவில்லை. துணிமூட்டையைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக நடந்தான். அவன் பட்டறையைக் கடக்கும்போதெல்லாம் டேப்பு மெஷினுக்குப் பின்னால் குனிந்துகொள்வான். பத்து நாள் இந்தக் கண்ணாமூச்சி. பதினோராம் நாள் மாப்பிள்ளை உள்ளேயே வந்துவிட்டான்.

“கொஞ்சம் தண்ணி குடுங்க மச்சான்.”

சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. டேப்புவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. மூட்டையைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டு நேரே சலவைக்கடைக்கு நடந்தான்.

“வண்டி கவுந்தது உன் புருஷனால இல்லம்மா, என்னாலதான்” என்றான், வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே. “குட்டையா வெட்டி, நெட்டையா ஏத்தி, அகலத்தை மட்டும் அப்படியே விட்டேன். தெரிஞ்சேதான் விட்டேன்.”

தங்கை கட்டுப்போட்ட கையோடு நிமிர்ந்தாள். “கை ஒடஞ்சதக்கூட விடுண்ணே. பத்து நாளா இந்த மனுஷன நானும்தானே திட்டினேன்? என்னையும் பாவத்துல கூட்டுச் சேத்துட்டியே!”

டேப்பு மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, வேனைப் பட்டறைக்கு இழுத்துவந்தான்.

அகலமான அச்சைப் போட்டு, பெட்டியை இறக்கி, மூட்டைகளை ஏற்றித் தானே ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வேனைக் கொடுத்தான். மாப்பிள்ளை பழையபடி பேசுகிறான். தங்கைதான் அன்றைக்குப் பிறகு இன்னும் ‘அண்ணே’ என்று கூப்பிடவில்லை.

பெட்டியை உயர்த்தச் சொல்லி யார் வந்தாலும், “ஒரு தடவ தங்கச்சியவே கவுத்தவன் நான்” என்று தலைகுனிந்து சொல்லிவிட்டுத்தான் அளக்க ஆரம்பிக்கிறான்.