வாடை பார்த்து மெத்தில் ஏற்றியவன்

மெத்தில் என்ற சின்னக் கார்பன் துண்டை மூலக்கூறில் ஏற்றும் தொழிலில் கைக்கு முன்னால் மூக்குதான் வேலைக்கு வரும். பனியன் துணியை மெதுமெதுப்பாக்கும் சாஃப்ட்னருக்கான சரக்கைத் திருப்பூரில் ஒரு சின்ன லேபில் செய்து பார்ப்பவன் நான். இரண்டாம்நிலை அமீன் என்ற மூலச்சரக்கோடு ஃபார்மிக் அமிலமும் ஃபார்மலினும் சேர்த்துச் சூடாக்கினால், அது குமிழ் விட்டுக்கொண்டே ஒரு மெத்திலை ஏற்றுக்கொள்ளும். இதே பாவத்தைச் செய்யும் கெமிஸ்டுகளான உங்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் சட்டையே சொல்லிவிடும்.

பூனைகள்

அமீனுக்கு அழுகின மீன் வாடை. வேலை முடிந்து வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் வீதிப் பூனைகள் என்னைச் சுற்றி உட்காரும். கத்தாது, காலை உரசாது, முகத்தையே பார்க்கும். சஷ்டி விரதத்தில் இருந்த என் மனைவி ஒரு நாள் வாசலிலேயே மறித்தாள். "மொதல்ல குளிச்சுட்டு வாங்க. அதுக உங்கள மனுசன்னே நெனைக்கலீங்க."

சட்டென்று முடியும் வழி

முதலாளிக்கு அவசரம். ஃபார்மலினுக்குப் பதிலாக டைமெத்தில் சல்பேட் போட்டால் சீக்கிரம் முடியுமாமே என்றார். முடியும்தான். ஆனால் அது அமீனோடு நிற்காது, நம் உடம்புக்கும் மெத்தில் ஏற்றும். வாடையே தெரியாது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்த பிறகு மூச்சுத் திணறும். விளக்கிச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. "வாடையே இல்லீங்களா? அப்ப நல்லதுதானுங்களே!"

காஸ்டிக் ஊற்றிய மதியம்

அமிலத்துக்குள் இருக்கும்வரை அமீன் வாடையில்லாமல் அடங்கிக் கிடக்கும். அமிலத்தை முறிக்கக் காஸ்டிக் சோடாவை ஊற்ற ஊற்ற வாடை எழுந்து வரும். வாடை வந்ததும் நிறுத்துவது என் வழக்கம். லிட்மஸ் காகிதம் நனைத்து நிறம் பார்ப்பதெல்லாம் புதிதாக வந்தவர்களுக்கு என்று ஒரு திமிர்.

அன்று ஊற்றினேன், வரவில்லை. இன்னும் ஊற்றினேன். குனிந்து முகர்ந்தேன். ஒன்றுமில்லை. நிமிர்ந்தால், பக்கத்து மேசைத் தூத்துக்குடிக்காரர் ஜெபராஜ் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவோரம் நிற்கிறார், கண்ணில் தண்ணீர். குடுவையில் அமீன் எப்போதோ எண்ணெயாகப் பிரிந்து மேலே மிதந்திருக்கிறது. "அண்ணாச்சி, நெசமாவே உங்களுக்கு ஒண்ணுமே தெரியலியா?"

ஞாயிற்றுக்கிழமை

அதன்பிறகு காப்பி, விபூதி, சாம்பிராணி எதுவும் மணக்கவில்லை. ஃபார்மலின் வேலையாக இருக்கலாம், திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர்.

ஞாயிறு காலை மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். சமையலறையில் சாவகாசமாகப் பேப்பர் படித்துவிட்டு, காப்பி போட அடுப்பைப் பற்றவைக்க லைட்டரை எடுத்தேன். வாசலிலிருந்தே அலறிக்கொண்டு ஓடி வந்தவள், என் கையிலிருந்து அதைப் பிடுங்கினாள். சிலிண்டரை மூடி, ஜன்னல்களையெல்லாம் திறந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஊடு பூரா கேஸ் வாடைங்க. இத்தன நேரமும் இதுக்குள்ளயேவா உக்காந்திருந்தீங்க?"

நாற்றம் பிடித்த பிழைப்பு என்று இத்தனை வருடம் புலம்பியவன், இப்போது ஒரு தடவையாவது நாறாதா என்று காலையில் எழுந்ததும் மூச்சை இழுத்துப் பார்க்கிறேன்.