சாச்சாவின் இறகுத் தூண்டில்

அத்தாவின் தம்பியை நான் சாச்சா என்பேன். கோத்தகிரிப் பக்கம் ஒரு தோட்டத்துரையிடம் சமையல்காரராக இருந்தார். துரை தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பலேறியதும் கோவளத்தில் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டார். எனக்கு அப்போது எட்டு வயது.

அவர் வந்த இரண்டாம் மாதம் அவர் மனைவி சாச்சிக்கு ஆண் குழந்தை பிறந்து, பதினோரு நாளில் போய்விட்டது. அதன்பின் சாச்சி அழவில்லை, பேசவும் இல்லை. சோறு வைத்தால் சாப்பிடுவார். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். பெரியவர்கள் இதைப் பற்றி என் முன்னால் பேசமாட்டார்கள். அதனால் சாச்சிக்குத் தொண்டையில் ஏதோ கோளாறு என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

அந்த நாட்களில்தான் சாச்சாவுக்குத் தூண்டில் பைத்தியம் பிடித்தது. துரை மீனுக்குப் புழு போடமாட்டாராம். தூண்டில் முள்ளில் இறகைச் சுற்றிப் பூச்சியைப் போலச் செய்து, நூலைத் தலைக்கு மேல் முன்னும் பின்னும் வீசி, ஓடைத் தண்ணீரில் மெல்ல இறக்குவாராம். கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனதுதான் சாச்சாவின் அனுபவம். துரையின் கழியை அவர் தொட்டதுகூட இல்லை.

நல்ல மூங்கிலாகத் தேடி வெட்டிவந்து, நுனி வளையும்வரை கண்ணாடிச் சில்லால் சீவினார். அத்தாவின் பழைய குடையை உடைத்து, அதன் கம்பியை வளையங்களாக்கிக் கழியில் கட்டினார். மூன்று புரி நூலைத் திரித்து மெழுகு தடவினார். நூலின் முனையில் முடிந்துகொள்ள ஜட்காக் குதிரையின் வாலிலிருந்து நாலு முடி பிடுங்கப் போய், வண்டிக்காரரிடம் வசமாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அத்தா குடைக்காக ஒரு வாரம் அவருடன் பேசவில்லை.

இறகுப் பூச்சி மட்டும் சரியாக வரவே இல்லை. மூன்று முறை கட்டினார். மூன்றும் மிதிபட்ட கரப்பான்பூச்சி போலிருந்தன. நான் சிரித்துக்கொண்டிருந்தபோது கதவுப் பக்கம் நிழல் விழுந்தது. சாச்சி.

“இப்டியா கட்டுவாங்க? கொண்டாங்க இங்க.”

சாச்சாவின் கையிலிருந்த முள் கீழே விழுந்தது. சாச்சி உள்ளே போய்த் தன் தகரப்பெட்டியைத் திறந்தார். பாதி பூவேலை செய்த ஒரு சின்னத் தொப்பி அதில் இருந்தது. அதைத் தள்ளிவைத்துவிட்டு, அடியிலிருந்து சிவப்புப் பட்டுநூலை எடுத்துவந்து, சேவல் இறகை ஒற்றை மூச்சில் சுற்றி முடித்தார். பூச்சி பறந்துவிடும்போல இருந்தது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் மூவரும் முட்டுக்காட்டு உப்பங்கழிக்குப் போனோம். சாச்சியும் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வந்தார். வலை வீசிக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் எங்களைப் பார்த்ததும் வேலையை நிறுத்திவிட்டார்.

“இன்னா பாய், மீனுக்கு எறகா போடப்போற? அது இன்னா காதா குடையப்போவுது?”

முதல் வீச்சில் நூல் சாச்சாவையே சுற்றிக்கொண்டது. இரண்டாவதில் முள் சாச்சியின் துப்பட்டியில் மாட்டித் தலையிலிருந்து இழுத்துவிட்டது. சாச்சியின் வாயோரம் லேசாக அசைந்தது. சாச்சா முள்ளை எடுத்துத் தண்ணீரில் போட்டு, கழியைச் சாச்சியிடம் கொடுத்துவிட்டு, காலில் சிக்கிய நூலைப் பிரிக்கக் குனிந்தார்.

அப்போதுதான் கொடுவா மீன் ஒன்று முள்ளைக் கவ்வியது. கழி வில்லாக வளைந்தது. சாச்சி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முழங்கால்வரை தண்ணீரில் இறங்கிவிட்டார். என் கை நீளத்துக்கு மீன் ஒருமுறை மேலே துள்ளியது. குதிரைமுடி பட்டென்று அறுந்தது.

சாச்சி தண்ணீரைப் பார்த்தபடி நின்றார். பிறகு அப்படியே சேற்றில் உட்கார்ந்து, “போயிடுச்சே, போயிடுச்சே” என்று வாய்விட்டு அழ ஆரம்பித்தார். அவர் அப்படி அழுது நான் பார்த்ததே இல்லை. மீனவர் சிரிப்பை நிறுத்தி வலையை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய்விட்டார்.

சாச்சா தடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, “அழு புள்ள, நல்லா அழு” என்றார். அவர் கண்ணிலும் தண்ணீர். மீன் போன துக்கத்தில் இருக்கும் மனைவியிடம் இப்படியா பேசுவது என்று எனக்குக் கோபமாக வந்தது.

நான் போய்ச் சாச்சியின் தோளைத் தொட்டேன். “அழாதீங்க சாச்சி. நாளைக்கு அத்தாகிட்ட சொல்லி, இதவிடப் பெரிய மீனா வாங்கித் தரேன்.”

சாச்சி என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு இன்னும் பலமாக அழுதார். பெரிய மீன் என்றதும் சமாதானமாகியிருக்க வேண்டியவர் ஏன் இப்படி அழுகிறார் என்று விளங்காமல், ஈரத் துப்பட்டிக்குள் மூச்சுமுட்டக் கிடந்தேன்.